ஆறும் இரண்டும் எட்டு

கணக்குத் தெரியாதவர் என்று எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். தென்காசியில் நான் பார்த்த வாத்தியார்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் வாய்ப்பாட்டைப் பிரம்பால் ஏற்றியவன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. டீச்சரம்மா என்றால் அந்தப் பக்கத்தில் அவர்தான். வேறு பெண் வாத்தியார் அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது. கீழப்பாவூர் பக்கத்துக்காரர். பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்துவிட்டு வந்தவர். புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பவில்லை என்று சொல்வார்கள். நெற்றியில் குங்குமம் இருக்கும். நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீள ஓட்டுக் கட்டடம். வாசலில் நின்றால் பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியும். சாரல் காலத்தில் அந்தப் பக்கமிருந்து அடிக்கிற காற்று சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போகும். வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது, ஓலைத் தட்டிதான். தட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய ஒன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய மூன்றாம் வகுப்பு. அவர் பேசுவது முழுவதும் எனக்குக் கேட்கும். நான் கத்துவது அவருக்குக் கேட்கும்.

ஒரு நாள் என் வகுப்பில் அடைப்புக்குறி நடந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகள் இடமிருந்து வலமாகப் போட்டுத் தப்பு விட்டார்கள். நான் நாலு பேரை அடித்துவிட்டேன். தட்டிக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"சார்வாள், அது மொதப் பந்தில்லா? அடைப்புக்குள்ள இருக்கவிய சாப்பிட்டு எந்திரிக்கட்டும். பொறவுல வெளிய நிக்கவியள கூப்பிடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். என் பிள்ளைகள் அதற்குப் பிறகு அடைப்புக்குறியில் தப்பு விடவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

சமக்குறியைச் செங்கோட்டை ரயில் தண்டவாளம் என்பார். ஒரு கம்பி நீளமாகவும் ஒரு கம்பி குட்டையாகவும் இருந்தால் வண்டி கவிழ்ந்துவிடும், அதனால் இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பார். ஆறு வயதுப் பிள்ளைகள் பலகையைப் பார்த்து, "டீச்சர், வண்டி கவுந்துட்டு" என்று சொல்லும். தப்பான கணக்கு என்று அர்த்தம்.

பலகையில் எண் எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகளையே எண்ணாக நிறுத்துவது அவர் வழக்கம். நாலு பேரை ஒரு பக்கம், மூன்று பேரை ஒரு பக்கம் நிறுத்தி நடக்கவைத்துச் சேர்ப்பார். அது கூட்டல். வரிசையிலிருந்து இரண்டு பேரை வெளியே முற்றத்துப் பூவரசு மரத்தடிக்கு அனுப்புவார். அது கழித்தல். அதன் பிறகுதான் சாக்கட்டியை எடுப்பார்.

பிள்ளைகளைத் தலை எண்ணக்கூடாது, கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் வந்து சத்தம் போட்டார்கள். இவர் சண்டைக்குப் போகவில்லை. முற்றத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து வரிசையில் முதலாவதாக வைத்தார். "கல்லையும் சேத்துத்தான் எண்ணுதேன். கண்ணு பட்டா கல்லுக்குப் படட்டும்" என்றார். எண்ணி முடித்ததும் கல்லை எடுத்துவிடுவார். அதையே ஒன்று கழிக்கிற கணக்காகவும் ஆக்கிவிட்டார்.

நெல் அளக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணும். மானேஜர் அதைக் கேட்டுவிட்டு இதைத் திருத்தக்கூடாதா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தை நடத்தியவர் அவர்தான், சர்க்கார் கொடுக்கிற கிராண்டில் நடந்தது. ஒண்ணு என்கிற எழுத்தைச் சரியாக எழுதுகிறார்கள், வாயில் என்ன சொன்னால் என்ன, வீட்டிலிருந்து கொண்டுவந்ததை நான் ஏன் பிடுங்கவேண்டும் என்று இவர் சொல்லிவிட்டார். மானேஜர் போய்விட்டார். மனதில் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எல்லோரும் சொல்லக்கூடியது. நான் எழுத வந்தது வேறு.

அவர் ஒரு கழித்தல் கணக்கையும் பாதியில் விடமாட்டார். ஐந்தில் இரண்டு போக மூன்று என்று எழுதிவிட்டு அழித்துவிட்டுப் போகிறவர்கள்தான் நாம். அவர் அழிக்கமாட்டார். மரத்தடியில் நிற்கிற இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் ஓடிவந்து வரிசையில் நிற்கவேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து என்று அடுத்த வரியில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் பலகையைத் துடைக்கலாம். மணி அடித்தாலும் சரி, மழை வந்தாலும் சரி. வெளியே அனுப்பின பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்பார். இது ஒன்றும் புதிதில்லை, கணக்கைச் சரிபார்க்கிற முறைதான். ஆனால் அவர் ஒரு நாளும் சரிபார்த்தல் என்கிற வார்த்தையைச் சொன்னதில்லை. கூப்பிடுவது என்றுதான் சொல்வார்.

ஒரு கோடையில் பிள்ளைகளை வண்டிகட்டிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். ஐந்தருவியில் மூன்றுதான் விழுந்துகொண்டிருந்தது, அதுவும் நூல் மாதிரி. அஞ்சில் ரெண்டு போனால் மூணு என்று பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிட்டார்கள். செண்பகம் என்று ஒரு பிள்ளை. முன் பல் விழுந்தவள், பூவரசு இலையைச் சுருட்டி பீப்பி ஊதுவதில் கெட்டிக்காரி. அவள் மட்டும், போன ரெண்டும் எங்கே என்று கேட்டாள்.

"மேல மலையில நிக்கிட்டி. சாரல் விழுந்தா கூப்பிடும். வந்துரும்" என்றார் டீச்சர்.

செண்பகம் மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனியில் சாரல் கட்டியதும் ஐந்தும் விழுந்தது. அதைப் பார்க்க டீச்சர் மறுபடியும் சொந்தச் செலவில் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். கணக்கை முடிக்கவேண்டுமாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடியில் பள்ளிக்கூடங்களைச் சோதனை பார்க்கிற டிப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல். வருவதாகச் சொன்ன நாள் அதுவல்ல. அந்த நேரத்தில் டீச்சர் ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தி, அதில் மூன்று பேரைப் பூவரசு மரத்தடிக்கு அனுப்பியிருந்தார். செண்பகம் ஒருத்தி. பலகையில் ஒன்பது கழித்தல் மூன்று சமம் ஆறு என்று எழுதியாகிவிட்டது. கூப்பிட வாயெடுக்கும்போது டிப்டி உள்ளே நுழைந்தார்.

பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து இது என்ன கூத்து என்றார். வரிசையில் மிச்சம் இருந்தவர்களில் ஒரு பையனை எண்ணச் சொன்னார். அவன் லாபம், ரெண்டு, மூணு என்று ஆரம்பித்தான்.

போதாதா? ஒன்று எங்கே என்று டிப்டி குதித்தார். மானேஜர் பின்னால் நின்றுகொண்டு, நான் அப்போதே சொன்னேன் என்றார். மொத்த வகுப்பையும் எழுப்பி நிறுத்தி, ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். டீச்சர் இரண்டு தடவை வாசல்பக்கம் நகர்ந்தார். இரண்டு தடவையும் டிப்டி, "எங்க போறீங்க, இங்க நில்லுங்க" என்று நிறுத்திவிட்டார். தட்டி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சாரல் தூறியது. பீப்பிச் சத்தம் கேட்டது. மணி அடித்தது. மணி அடித்தால் முற்றத்தில் நிற்கிற பிள்ளை என்ன செய்யும்? வீட்டுக்கு ஓடும். மூன்றும் ஓடிவிட்டன.

டிப்டி வண்டி ஏறிய பிறகு டீச்சர் என்னிடம் வந்தார்.

"மூணு பேரயும் கூப்பிடாம விட்டுட்டேன் சார்வாள்."

திங்கட்கிழமை கூப்பிட்டால் போகிறது, இதற்கென்ன என்றேன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. புத்தியுள்ள எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

ஊரில் அப்போது வாந்திபேதி. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் கூடிய கூட்டத்தோடு வந்தது. ஒவ்வொரு தெருவிலும் கிணற்றுக்கு மருந்து போட்டார்கள். செண்பகம் வீட்டுத் தெருவுக்கு மருந்து வரக் கடைசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே பிள்ளை போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு அது தெரியாது. டீச்சர் வந்ததும் முதல் வேலையாக அதே ஆறு பேரை வரிசையில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை ஓடிப்போன மூன்று பேரில் வந்திருந்த இரண்டு பேரையும் மரத்தடிக்குப் போகச்சொல்லி, அங்கிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் ஓடிவந்து நின்றார்கள். "செண்பகம் எங்க, இன்னும் வரலயா?" என்று கேட்டுக்கொண்டே பலகையில் ஆறு எழுதி, கூட்டல் குறி போட்டார். அப்போதுதான் அவள் தெருப்பிள்ளை ஒன்று சொன்னது. கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு, ஒரு கூட்டல் குறி. அதற்குமேல் ஒன்றுமில்லை. மூன்று நாள் அந்தப் பலகையை யாரையும் தொடவிடவில்லை. கடைசியில் மானேஜரே வந்து துடைத்தார்.

தலை எண்ணினாள், மரத்தடியில் கொண்டு நிறுத்தினாள், அதுதான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று தெருவில் பேசினார்கள். கல் வைத்ததையெல்லாம் மறந்துவிட்டார்கள். நாலைந்து பேர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். நான் வீடு வீடாகப் போய், கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்துவிட்டு டீச்சரைச் சொல்கிறீர்களே என்று கத்திவிட்டு வந்தேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. நான் கத்தியதால் இன்னும் இரண்டு பேர் நின்றதுதான் மிச்சம்.

அந்தப் பேச்சையெல்லாம் டீச்சர் தாங்கியிருப்பார். செண்பகத்தின் அம்மா வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள், வகுப்பு நடக்கிற நேரத்தில் வந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். உள்ளே வரவில்லை, பூவரசு மரத்தடியில் நின்றாள். அழுது சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து நானும் டீச்சரோடு வெளியே போனேன். அவள் அழவில்லை.

"டீச்சரம்மா, வெள்ளிக்கெழம சாயந்தரம் வந்ததுல இருந்து ஒரே பேச்சு. டீச்சர் என்னய இன்னும் கூப்பிடலம்மா, நான் வெளியவே நிக்கேம்மான்னு. சாப்பிட உக்காராம சொல்லுதா. வகுத்தால போயி கெடக்கும்போதும் அதான் சொன்னா."

டீச்சர் கையிலிருந்த சாக்கட்டியை முந்தானையில் முடிந்தார்.

"ஒரு தடவ கூப்பிட்டுருங்க. நான் கேட்டுக்கிட்டுப் போயிருதேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. பேதியில் போன பிள்ளை, தண்ணீரால் வந்தது, கூப்பிட்டதற்கும் கூப்பிடாததற்கும் அதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன்.

"அது எனக்கும் தெரியும் சார்வாள்" என்றாள் அவள். "அவ கேட்டுக்கிட்டே போனா. அதான்."

டீச்சர் மரத்தைப் பார்த்து நின்றார். வாயைத் திறந்தார். எத்தனையோ தடவை கூப்பிட்ட பெயர்தான். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி பார்த்தார். வரவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரி டீச்சரம்மா, பிள்ளேளு காத்துக்கிட்டு இருக்கும், போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றோடு ஒன்றாம் வகுப்பில் கழித்தல் நின்றது. கூட்டல், கூட்டல், மறுபடியும் கூட்டல். பிள்ளைகள் சலித்துப்போனார்கள். பொங்கல் கழிந்து டிப்டி மறுபடி வருவார், அப்போதும் வகுப்பில் கழித்தல் தெரியவில்லை என்றால் வேலை இருக்காது என்று மானேஜர் நேராகவே சொன்னார். சரி என்றார் டீச்சர். என் வகுப்பை நீங்கள் எடுங்கள், உங்கள் வகுப்பை நான் எடுக்கிறேன் என்று கேட்டுப்பார்த்தேன். வேண்டாம் என்றார். இது மூடத்தனம், உங்களைப்போல் படித்தவர் இப்படிச் செய்யலாமா என்று திட்டியும் பார்த்தேன். "நான் ஒண்ணும் சொல்லலையே சார்வாள்" என்றார். உண்மைதான், அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதோடு நான் சண்டை பிடிப்பது?

கடைசியில் தினம் மத்தியானம் அந்தப் பிள்ளைகளை என் பக்கம் கூட்டிவந்து புளியங்கொட்டையை வைத்து நானே கழித்தல் நடத்தினேன். எட்டு கொட்டை வைத்து மூன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மீதி எத்தனை என்றேன். அஞ்சு என்றார்கள். சரி, அடுத்த கணக்கு என்றேன். ஒருவனும் அசையவில்லை.

"சார்வாள், அந்த மூணயும் திருப்பி வைங்க."

எதற்குடா என்றேன். வைக்கவேண்டும், வைத்தால்தான் முடியும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்து கத்தினேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"பிள்ளேள வையாதீங்க சார்வாள். கொட்டதான, திருப்பி வச்சிருங்க."

திருப்பி வைத்தேன். தினமும் வைத்தேன். கழித்தல் வந்துவிட்டது.

டிப்டி வந்தார். இந்தத் தடவை சொன்ன நாளில் வந்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார், அதையும் சொல்லவேண்டும். போன தடவை பாதியில் நின்ற கணக்கையே பார்ப்போம் என்று சொல்லி, அவரே சாக்கட்டியை எடுத்து ஒன்பது கழித்தல் மூன்று என்று பலகையில் எழுதினார். ஒரு பெண்பிள்ளை போய் ஆறு என்று எழுதிவிட்டு வந்தது. சரி என்றார். மானேஜர் முகம் தெளிந்தது. எனக்கும் உயிர் வந்தது. டிப்டி துணியை எடுத்தார்.

அழிக்காதீங்க என்று வகுப்பே சொன்னது. இன்னும் முடியவில்லையாம். போனவர்கள் வரவேண்டுமாம்.

டிப்டிக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் சந்தோஷப்பட்டார்.

"சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கீங்களா? ரொம்ப நல்லது. நீங்களே எழுதிக் காட்டுங்க டீச்சர்."

சாக்கட்டியை அவர் கையில் கொடுத்தார். மாசக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த வேலை, ஒரே ஒரு வரியில் திரும்பக் கிடைத்துவிடும். டீச்சர் பலகைக்குப் போனார். ஆறு எழுதினார். கூட்டல் குறி போட்டார். அன்றைக்கு நின்ற இடத்தில் அன்றைக்குப்போலவே கை நின்றது. பிறகு எழுதினார். இரண்டு. தண்டவாளம். எட்டு.

மானேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க டீச்சர்" என்றார் டிப்டி.

"பாத்துத்தான் எழுதிருக்கேன்."

"மூணு போச்சு. மூணுதானே வரணும்?"

"வரணும்" என்றார் டீச்சர். "வரல."

நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளைகளில் ஒன்று, என்று ஆரம்பித்தேன். உம்ம வகுப்பு எது என்று டிப்டி கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். அங்கே போய் நில்லும் என்றார். இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். மானேஜர் என் கையைப் பிடித்து இழுத்துவந்து என் இடத்தில் விட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

டிப்டி ஒரு காகிதத்தில் என்னமோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்பது மாசக்கடைசியில் தெரிந்தது. பிறகு பலகைக்குப் போய், பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடக்கூடாது என்று, இரண்டைத் துடைத்து மூன்று என்று எழுதினார். எட்டைத் துடைத்து ஒன்பது என்று எழுதினார். விரலில் ஒட்டிய தூளை ஊதிவிட்டு, இதுதான் சரி, எல்லோரும் பாருங்கள் என்றார்.

பிள்ளைகள் பலகையில் ஒன்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்.

டீச்சரும் திரும்பிப் பார்த்தார்.